தொலை என்னும் மடை
(தஞ்சையில் ஆற்றிய உரை)



கிரேக்கத்தில் 'தேலெ' என்றொரு சொல் உண்டு. தொலைவில் என்பது பொருள். 1790களில் கிளாடு சாப்பே என்னும் பிரஞ்சுக்காரர் மேடுதோறும் கைகாட்டி மரம் நிறுத்திச் செய்தி விடுத்தார். அவ்வமைப்புக்கு இச்சொல்லை முன்னொட்டாக்கி 'டெலிகிராப்' என்றனர். தொலைவில் எழுதுவது என்பதே அதன் பொருள். 1900-இல் பாரிசில் அறிமுகமான 'டெலிவிசன்' என்னும் சொல்லோ ஒட்டுமாங்கனி. முற்பகுதி கிரேக்கம், பிற்பகுதி இலத்தீன். தொலைக்காட்சியில் அத்தகைய ஒட்டு இல்லை. இரு பகுதியும் தமிழே. ஆயினும், 'தொலைந்துபோன காட்சியா?' என்று எள்ளுவார் நம்மவரே. நீரோடுவதும் ஆறு, நடக்கும் வழியும் ஆறு, ஐந்தின் அடுத்த எண்ணும் ஆறு. வெண்ணாற்றங்கரையில் நிற்பவன் இதனால் குழம்புவதுண்டா?

தேலெயும் தொலையும் ஒலியால் ஒத்திருத்தலின், கிரேக்கர் நம்மிடமிருந்தே பெற்றனர் என மகிழ்வோரும் உளர். ஒலியொப்புமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. அப்பெருமை நமக்குத் தேவையுமில்லை. எவரிடமும் கடன் வாங்காமலே அப்பொருளுக்குரிய சொல் நம்மிடம் இருந்தது, அது போதும்.

மடை ஒன்று திறந்தால் வயல் பல நனையும். தொலைநோக்கி, தொலைபேசி, தொலையச்சு, தொலைநகல், தொலையுணர்வு என வந்தன. 'ஆர்க்கியோ' என்னும் கிரேக்க முன்னொட்டுக்கும் 'தொல்' இருந்தது; தொல்லியல் பிறந்தது. 1981-இல் இத்தஞ்சையில் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியும் உண்டு, தொல்லியலும் உண்டு.

தில்லி நம் சொல்லைக் கொள்ளவில்லை. தூர்தர்சன் என்றே பெயரிட்டது. அதன் தமிழ் அலைவரிசைக்குப் பொதிகை என்றொரு நற்பெயர் இருந்தது. 2024 சனவரியில் அதுவும் 'டிடி தமிழ்' ஆயிற்று. வடசொல்லொன்றின் ஆங்கிலத் தலையெழுத்துகள் தமிழுக்கு முன்னே நிற்கின்றன! டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்பதை அங்கே யார் கேட்பார்?

அது தில்லியின் செயல். நம் வாய்க்கு என்ன தடை? மேட்டூர் அணை திறந்த செய்தி கடைமடை உழவர்க்குப் 'போனில்' வருகிறது. ஆங்கிலர் டெலிபோனின் முன்னொட்டை உதறிப் 'போன்' என்றனர். அந்தச் சுருக்கத்தையும் நாம் கடன் வாங்கினோம். தொலைபேசியை நாமே 'பேசி' எனச் சுருக்கலாகாதா? கைபேசியிலும் அலைபேசியிலும் அச்சொல் முன்னரே அமர்ந்திருக்கிறது. நாளை நெல் வணிகரிடம், 'விலையைப் பேசியில் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு விளங்கும்.