பிடிப்புக்குப் பிறகுதான் பவர்



கால் மைல் நேர்த்தடத்தில் சீறும் டிராக் பந்தயத்தில், முன்சக்கரம் இழுக்கும் காரின் நேரத்தைக் குறைப்பது இன்ஜின் பவரா, டயர் பிடிப்பா என்பது இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. பிடிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் டர்போவின் பெருமையை அருமையாகச் சொன்னார். 400 குதிரைத்திறன் என்றார், அரங்கமே கைதட்டியது. ஆனால் அந்த 400 குதிரைத்திறனும் எந்த இடத்தில் தரையைத் தொடுகிறது என்று அவர் சொல்லவில்லை. முன்னால் இருக்கும் இரண்டு டயர்கள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவு ரப்பர், அவ்வளவுதான் இடம்! அந்த இரண்டு துண்டு ரப்பருக்காகத்தான் நான் பேசுகிறேன்.

வாய்ப்பேச்சு வேண்டாம் நடுவர் அவர்களே, கணக்கே போட்டுவிடுவோம். 1992 முதல் 1995 வரையிலான மாடல் ஹோண்டா சிவிக் ஹாட்ச்பேக்கை எடுத்துக்கொள்கிறேன். தெற்குக் கலிஃபோர்னியாவில் முன்சக்கர டிராக் பந்தயத்தை வளர்த்தெடுத்த வண்டிகளில் ஒன்று அது. பாம்டேல் தடத்தில் 1990-ல் ஃபிராங்க் சோய் தொடங்கிய ‘பேட்டில் ஆஃப் தி இம்போர்ட்ஸ்’ பந்தயங்கள் வளர வளர, சிவிக்கும் சேர்ந்து வளர்ந்தது. வண்டியின் எடை ஏறக்குறைய 1000 கிலோ. அதில் 620 கிலோ முன்னால், 380 கிலோ பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.57 மீட்டர். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்.

பச்சை விளக்கு எரிகிறது, கிளட்சை விடுகிறோம். வண்டி முன்னே பாய்கிறது, எடை பின்னே போகிறது. பின்சக்கர வண்டிக்கு இது வரம். முன்சக்கர வண்டிக்குச் சாபம். இழுக்க வேண்டிய டயர்மேல் இருக்கும் சுமை, இழுக்கும் அந்த நொடியிலேயே குறைகிறது. சாலை டயரின் உராய்வுக் கெழுவை 1 என்று தாராளமாகவே வைத்தாலும், இந்த வண்டி எட்டக்கூடிய உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.52 பங்குதான். அந்த முடுக்கத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்தரை விநாடி ஆகும். இந்தக் கணக்கில் எங்காவது குதிரைத்திறன் என்ற சொல் வந்ததா? வராது! காற்றின் எதிர்ப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த ஐந்தரை விநாடிக்குச் சக்கரத்தில் 190 குதிரைத்திறன் இருந்தாலே போதும். 400 வைத்தாலும் அதே ஐந்தரை விநாடிதான். மிச்சமெல்லாம் புகை. சுழலும் டயரின் பிடிப்பு இன்னும் குறையும் என்பதால், உண்மையில் நேரம் கூடவே செய்யும்.

இப்போது அதே வண்டிக்கு டிராக் ஸ்லிக் என்னும் வரிப்பள்ளமில்லாத பந்தய டயரை மாட்டுங்கள். பசை தெளித்த தடத்தில் கெழு 1.8 என்று வைத்தால் உச்ச முடுக்கம் 0.83 பங்குக்கு ஏறுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய மூன்றரை விநாடி. எதிரணி நண்பரின் டர்போவுக்கே இப்போதுதான் வேலை கிடைக்கிறது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார்? பிடிப்பு!

டயர் மாட்டினால் மட்டும் போதாது, அதைத் தயார் செய்ய வேண்டும். தண்ணீர் தெளித்த இடத்தில் முன்சக்கரத்தை வைத்து, ஹேண்ட் பிரேக்கால் பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டு, முன்டயரைச் சுழல விடுகிறார்கள். வெண்புகை எழுகிறது. மேல்பரப்பு சுத்தமாகி, ரப்பர் சூடேறி இளகுகிறது. புறப்படும் இடத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தெளித்த பசை செருப்பையே பிடித்து இழுக்கும். சூடான ரப்பரும் அந்தப் பசையும் சேரும் இடத்தில்தான் பந்தயம் தொடங்குகிறது. பார்ப்பவர்கள் புகையை வேடிக்கை என்று நினைக்கிறார்கள், அது வேலை ஐயா, வேலை!

“பின் ஸ்பிரிங்கை இறுக்கினால் எடை பின்னே போகாது” என்று எதிரணியில் ஒரு சகோதரி சொன்னார். மன்னிக்க வேண்டும் சகோதரி, போகத்தான் செய்யும். எத்தனை கிலோ போகும் என்பதை முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், அச்சு இடைவெளி இவைதான் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கை இறுக்குவதன் பயன் வேறு. பின்பக்கம் அமுங்கி மூக்குத் தூக்காமல் இருந்தால், முன்டயர் கோணம் மாறாமல் முழு அகலத்துக்கும் தரையில் பதிந்து நிற்கும்.

எடைக் கணக்கையே மாற்ற வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றுங்கள், பேட்டரியை முன்னாலேயே விடுங்கள். இப்படியே பின்பக்க எடையைக் குறைத்துக்கொண்டே போய் முன்பக்கப் பங்கு 70 விழுக்காடு ஆனால், சாலை டயரிலேயே 0.52 என்பது 0.59 ஆகிறது. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. இன்னும் துணிந்தவர்கள் பின்பக்கம் நீளமான வீலி பார் கட்டுகிறார்கள். பின்சக்கர வண்டியில் மூக்கு மேலே எழும்பாமல் தடுக்கும் அதே கம்பிகள், முன்சக்கர வண்டியில் வேறு உதவி செய்கின்றன. பின்னால் சாயும் சுமையைக் கடைசியில் இருக்கும் சின்னச் சக்கரங்கள் தாங்கும்போது, வண்டியின் அச்சு இடைவெளியே நீண்டதுபோல் ஆகிவிடுகிறது. இடைவெளி நீண்டால் முன்டயர் இழக்கும் சுமை குறையும். எனக்கு இதைவிட அழகான பொறியியல் இந்தப் பந்தயத்தில் தெரியாது.

இன்ஜினின் இழுவையை இரண்டு முன்டயர்களுக்கும் பங்கிடும் டிஃபரன்ஷியலையும் மறந்துவிடக் கூடாது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு டயர் வழுக்கினால் அடுத்த டயருக்கும் அதே குறைந்த இழுவைதான் போகும். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் பிடிப்பு உள்ள டயர் தன் பங்கை முழுமையாக இழுக்கும். டயர் பிடித்தும் வழுக்கியும் குதிக்கும்போது டிரைவ் ஷாஃப்ட் முறிந்துபோவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான் சஸ்பென்ஷனை முன்பின் அசையவிடாமல் தாங்கும் டிராக்ஷன் பார் இருக்கிறது.

“கால் மைல் முடிவில் வேகத்தைத் தருவது பவர்தானே?” என்று கேட்டார்கள். ஆம், 402-வது மீட்டரில் வேகமானி முள் எங்கே நிற்கும் என்பது பெரிதும் பவரின் கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் கோப்பை நேரத்துக்குத்தான். முதல் 60 அடியில் பத்தில் ஒரு பங்கு விநாடி மிச்சமானால், இறுதிக் கோட்டைத் தொடும்போது அதைவிடக் கூடுதலாக மிச்சமாகும் என்பது பந்தயக்காரர்கள் கைக்கணக்கு. இன்று மிக வேகமான முன்சக்கர சிவிக்குகள் எட்டு விநாடிக்குள் கால் மைலை முடிக்கின்றன. அந்த டர்போ வண்டிகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதல் கியரில் டர்போவின் அழுத்தமான பூஸ்ட்டைக் குறைத்து வைத்து, கியர் ஏற ஏறக் கூட்டுகிறார்கள். பணத்தைக் கொட்டிச் சேர்த்த பவரை, டயர் தாங்காது என்பதால் தாங்களே அடக்கி வைக்கிறார்கள். எதிரணி வணங்கும் வண்டியே என் பக்கம் சாட்சி சொல்கிறது நடுவர் அவர்களே!

நம் ஊர்ப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்விஃப்ட், போலோ, ஐ20 எல்லாம் முன்சக்கர வண்டிகள்தான். தம்பிகளே, தங்கைகளே, கையில் பணம் சேர்ந்ததும் பவரைக் கூட்டும் இன்ஜின் ரீமேப்புக்கு ஓடாதீர்கள். முதல் பணம் டயருக்கு, அடுத்தது டிஃபரன்ஷியலுக்கு, பிறகு இன்ஜினுக்கு. ஓட்டிப் பார்ப்பதை இருங்காட்டுக்கோட்டை போன்ற மூடிய பந்தயத் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேண்டாம்.

நடுவர் அவர்களே, டயர் தாங்கும் அளவுக்குத்தான் இன்ஜின் இழுக்க முடியும். முன்சக்கர டிராக் காரில் நேரத்தைக் குறைப்பது பிடிப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.