மகளும் மனைவியும் மருமகளும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இந்திப் படங்களையும் பார்த்துப் பழகிவிட்டோம். அவற்றில் ஒரு வேடிக்கையை இன்று நினைத்துப் பார்ப்போம். சஞ்சீவ் குமாருக்கும், இன்று ஜயா பச்சன் என அறியப்படும் ஜயா பாதுரிக்கும் வயதில் பத்தாண்டுகளே வேற்றுமை. 1972-இல் வெளிவந்த ‘பரிச்சய்’ படத்தில் அவர் தந்தை, இவர் மகள். அதே ஆண்டில், அதே குல்ஸார் இயக்கிய ‘கோஷிஷ்’ படத்திலோ, இருவரும் வாய் பேசாத, செவி கேளாத தம்பதியர். 1973-இல் ‘அனாமிகா’வில் காதலர். 1975-இல் ‘ஷோலே’யில் மாமனாரும் மருமகளும்! இடையே 1974-இல் நம் ‘நவராத்திரி’ இந்திக்குச் சென்றபோது, சிவாஜி கணேசனின் ஒன்பது வேடங்களை அவரும், சாவித்திரியின் வேடத்தை இவரும் ஏற்றனர்.

இத்தனை உறவுகள் மாறியும் நாம் குழம்பவில்லையே, ஏன்? நரையை ஒப்பனைக்காரர் தரலாம். முதுமையின் தளர்ச்சியை நடிகரே தரவேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே சஞ்சீவ் குமார் அதைத் தந்தார். ஆயினும் 1985-இல், தம் 47-ஆம் வயதில், அவர் மறைந்தார். திரையில் பன்முறை ஏற்ற முதுமையை வாழ்வில் அவர் காணவேயில்லை. அப்படங்களை மீண்டும் காணும்போது, சிரிப்போடு இதனையும் நினைவு கூர்வோமாக.