விமானமும் விண்மீனும்
(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு)

ஒரு திருக்கோயிலின் விமானத்து உச்சியில் கலசநீர் வீழ்வதைக் காண மக்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து கூடுகின்றனர். அந்த விமானம் என்னும் சொல்லே அண்மைக் காலத்தில் ஒரு விந்தையான வழக்கிற்கு இடமாகிவிட்டது.

சுவிட்சர்லாந்து நாட்டினராகிய எரிக் வான் டானிக்கன் என்பார் 1968ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பிற கோள்களிலிருந்து வந்தோரையே பண்டை மக்கள் தெய்வங்கள் எனத் தொழுதனர் என்பதும், பழங்காலப் பெருங்கட்டடங்கள் பல அவர்தம் துணையால் எழுந்தன என்பதும் அவர் கொள்கை. நம் இதிகாசங்கள் கூறும் விமானங்களும் அவருக்குச் சான்றுகளாயின. நம்மவர் சிலர் இதனைக் கேட்டுப் பெருமிதம் எய்தினர். ஆனேக்கல் சுப்பராய சாஸ்திரியார் சொல்லச் சொல்ல எழுதப்பெற்ற 'வைமானிக சாஸ்திரம்' என்னும் நூலும் இவர்கள் கைக்கு வாய்த்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்தனர். அந்நூல் 1904ஆம் ஆண்டிற்கு முற்பட்டதன்று என்றும், அதில் கூறப்பெறும் ஊர்திகள் பறக்கவல்லன அல்ல என்றும் அவர்கள் முடிவு கண்டனர்.

தமிழிலும் சான்று தேடுவார் உளர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறப்பாட்டில், செலுத்துவோன் இன்றித் தானே இயங்கும் வானவூர்தி ஒன்று வருகின்றது. அதனைப் பொறியெனக் கொள்வோர் அப்பாட்டை முழுதும் படித்தாரல்லர் என்றே கூறல் வேண்டும். புலவர் பாடும் புகழுடையோர், தாம் செய்யத்தக்க வினைகளைச் செய்து முடித்தபின் எய்துவது அவ்வூர்தி. வருந்தி வந்தோர்க்கு, அவர் வல்லவராயினும் அல்லராயினும், அருள்க என்பதே அரசனுக்குப் புலவர் கூறும் அறிவுரை. ஈகையால் ஏறும் ஊர்திக்கு எரிபொருள் எதற்கு?

முன்னோர் வானை நோக்கவில்லை என்பது இதன் பொருளன்று. பங்குனித் திங்களில் ஓர் இரவு விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்ட கூடலூர் கிழார், தம்மைப் புரந்த சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு யாது நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மறைந்தான். அப்போது எந்த மீன் உச்சியில் நின்றது, எது சாய்ந்தது, எது எழுந்தது என்பவற்றையெல்லாம் புலவர் குறித்துள்ளார். வானிலிருந்து வந்து யாரும் கற்பித்ததன்று அது. இரவுதோறும் அண்ணாந்து பார்த்தவர்தம் அறிவு.

பிற உலகங்கள் உண்டு என்பதும் சைவர்க்குப் புதிய செய்தியன்று. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் ஆட்கொள்ளப்பெற்ற மாணிக்கவாசகர், அண்டங்கள் நூறு கோடிக்கும் மேலாக விரிந்தன என்றும், இறைவன் திருமுன் அவை இல்லத்துள் நுழையும் கதிரில் தோன்றும் நுண்துகள் போல்வன என்றும் திருவண்டப்பகுதியில் பாடினார். அங்கும் உயிர்கள் இருத்தல் கூடும். ஆனால் நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவே நான்கு ஒளியாண்டிற்கு மேற்பட்டது. 1977இல் ஏவப்பெற்ற வாயேஜர் கலம் அவ்வளவு தொலைவு கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்துணைத் தொலைவு கடந்து வந்தோர், நம் சிற்பியின் உளியை வாங்கிக் கல் செதுக்கிவிட்டு, ஓர் எழுத்தும் பொறியாமல் திரும்பினர் என்பது நம்பத்தக்கதன்று.

நம் கற்களோ எழுத்தின்றி நிற்கவில்லை. விமானம் என்பதற்கு அளந்து அமைக்கப்பட்டது என்பது பொருள். நூல் பிடித்து அளந்தவர் கை இம்மண்ணின் கை. கொடும்பாளூர் மூவர் கோயிலில் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியர் இருவரான கற்றளி, வரகுணை பெயர்களாலும் விமானங்கள் எடுத்ததைக் கல்வெட்டே கூறும். மூன்றனுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. நார்த்தாமலைக் குன்றில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி 9ஆம் நூற்றாண்டில் ஒரு குடைவரை குடைவித்தான். அவன் மகள் சிறியநங்கை முகமண்டபமும் இடபமும் இடபக் கொட்டிலும் பலிபீடமும் செய்வித்தாள். விண்ணவர் செய்தனர் என்று ஒரு சொல்லால் கூறிவிடின், அந்நங்கையின் பெயர் எங்கே போகும்?

அக்குடைவரைக்கு எதிரே நிற்பது விசயாலய சோழீச்சுரம். சதுரச் சுவரினுள் வட்டமான கருவறை. மேலே சதுரத் தளங்கள். உச்சியில் மீண்டும் வட்டம். சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்த அக்கற்றளி பெருமழையால் இடிந்து அழிந்தது. வானிலிருந்து அங்கு வந்தது அம்மழை ஒன்றே. மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினான். வாயிலருகே, துவாரபாலகர் நிற்கும் இடத்தில், அச்செய்தி இரண்டொரு வரியில் வெட்டப்பட்டுள்ளது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களுள் ஆறு நிலைத்துள்ளன.