இரசாயனப் பொறியியலும் இராக்கெட்டும்

(போளூரில் நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனாகிய யான் இராக்கெட்டைப் பற்றிப் பேசப் புகுந்தது உங்களுட் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். காரணம் உண்டு. நம் கல்வி நிதிக்கு இவ்வாண்டு விண்ணப்பித்திருக்கும் பெண் ஒருத்தி இரசாயனப் பொறியியல் பயில விரும்புகிறாள். "அஃது உரத் தொழிற்சாலையிலும் தோல் பதனிடும் சாலையிலும் அன்றோ கொண்டு சேர்க்கும்?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். சில ஆண்டுகட்கு முன் இதே கேள்வியை என்னிடம் கேட்ட மாணவன் ஒருவனுக்கு, விஷயம் அறியாமலே, "ஆம், வேண்டாம்" என்று விடை கூறியவன் யான். அப்பிழை உறுத்திய பின்னரே நூல்களைத் தேடிப் படித்தேன்.

அவற்றுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது வசந்த் கோவாரிக்கர் என்னும் அறிஞரின் வரலாறு. 1933-இல் புனேயிற் பிறந்த அவர், இங்கிலாந்தின் பர்மிங்காம் சர்வகலாசாலையில் இரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்று, 1967-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவுக்கு வந்து சேர்ந்தார். மீனவர் குப்பத்து மாதா கோயிலை அலுவலகமாகக் கொண்டு தொடங்கிய நிலையம் அது.

திருவிழா வாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும், விண்ணிலோ காற்றில்லை. ஆதலின் பிராணவாயுவைத் தரும் பொருளையும் எரிபொருளோடு உடன்கொண்டு செல்லல் வேண்டும். அம்மோனியம் பெர்க்குளோரேட்டு என்னும் உப்பு பிராணவாயுவைத் தரும். அலுமினியத் தூள் வெப்பத்தை மிகுவிக்கும். ரப்பர் போன்ற பாலிமர் இவ்விரண்டையும் பிணைத்துத் தானும் எரியும். இவற்றை மாவு பிசைவது போற் பிசைந்து, கூட்டினுள் வார்த்து, இளஞ்சூட்டில் இறுகச் செய்வர். கேட்பதற்கு எளிது. ஆயின் உள்ளே மயிரிழை விரிசல் ஒன்று இருப்பினும், எரியும் பரப்பு திடீரெனப் பெருகி, அழுத்தம் ஏறிக் கூடே வெடித்துச் சிதறக் கூடும். பாகு பதம் தவறினால் பலகாரம் ஒன்றே கெடும் என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். இங்கே பதம் தவறினால் பல்லாண்டு உழைப்பு புகையாகும். அப்பதத்தைக் காண்பதே கோவாரிக்கரும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட பணி.

எஸ்.எல்.வி.-3 என்னும் இராக்கெட்டின் நான்கு நிலைகளும் இத்தகைய திட எரிபொருளால் இயங்கியவை. அவற்றை வடிவமைக்கும் பொறுப்பைக் கோவாரிக்கர், குரூப், முத்துநாயகம், நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் ஆகிய நால்வரிடம் விக்ரம் சாராபாய் ஒப்படைத்தார். 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதல் முயற்சி கடலில் முடிந்தது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் நேர்ந்த கசிவே காரணம், எரிபொருளின் குற்றமன்று. மறு ஆண்டு ஜூலை 18-இல் 35 கிலோ எடையுள்ள ரோகிணி விண்ணில் நிலைபெற்றது. அக்காலை விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநர் கோவாரிக்கரே. இன்று பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலை ஒன்றே ஏறக்குறைய 138 டன் திட எரிபொருளைச் சுமக்கிறது.

1986-இல் வேறிருவருடன் சேர்ந்து அவர் எழுதிய பாலிமர் விஞ்ஞான நூலை மாணவர்கள் பாடமாகப் பயில்கின்றனர். மத்திய அரசின் விஞ்ஞானத் துறைச் செயலராகவும் இருந்து, பருவமழையை முன்னறியும் முறையொன்றை வகுப்பதற்கும் துணைநின்றார். 2015-இல் மறைந்தார்.

அவர் முதுமையில் செய்த காரியமொன்றைப் பெற்றோர்க்குச் சொல்ல வேண்டும். இராக்கெட்டுக்கு எரிபொருள் கண்ட அப்பெருமகனார், 2009-இல் துணைவர் சிலருடன் வெளியிட்டது உரங்களைப் பற்றிய கலைக்களஞ்சியம்!

அப்பெண்ணின் விண்ணப்பம் அடுத்த காரியக் கமிட்டிக் கூட்டத்தில் வருகிறது. அவள் தாய் தந்தையர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றனர். கூட்டம் முடிந்ததும் அவர்களைச் சந்திக்க விரும்புகிறேன்.