நோயாளியின் அருகில் நிற்பவர்

மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறாக வகுத்தார் என்பது நேயர்கள் அறிந்ததே. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அவர் நிறுத்திவிடவில்லை. அருகிலிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் அவற்றுக்குச் சமமாக நான்காவதாக வைத்தார். இன்றைய வைத்தியசாலையில் அந்த நான்காம் இடத்தில் நிற்போர் பலர். தாதியர், மருத்துவ மாதர், மருந்தாளர், தள்ளுவண்டி தள்ளும் சிற்றூழியர், நோயாளர் காவு வண்டியின் சாரதி ஆகிய யாவரும் அதில் அடங்குவர். ஆயினும் சிகிச்சையின் தரத்தைப் பற்றி ஆலோசிக்கும் கூட்டங்களில் இவர்களுக்கு நாற்காலி கிடைப்பது அரிது.

இதனால் விளையும் கேடு யாது என்பதை, வன்னிப் பெருநிலத்தில், பாம்புக்கடியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குளங்களின் கீழுள்ள வயல்களில் வேலை செய்வோரைத் தீண்டும் பாம்புகளுள் மிகவும் கொடியவற்றில் ஒன்று கண்ணாடி விரியன். புடையன் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். கெட்டுவிட்டதா என்று அறிவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயாளியின் நாளத்திலிருந்து எடுத்த சிறிதளவு குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாமல் வைத்து, பின்னர் ஒருமுறை சரித்துப் பார்த்தாற் போதும். குருதி உறையாமல் ஓடுமானால் நஞ்சு உடலிற் பரவியிருக்கிறது. நஞ்செதிர் மருந்து கொடுத்தல் வேண்டும்.

எத்துணை எளிய சோதனை! ஆனால் அது பிழைப்பதும் அத்துணை எளிது. குழாய் கண்ணாடியால் ஆனதாக இருத்தல் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. அது உலர்ந்திருத்தல் வேண்டும். சவர்க்காரத் தூளிட்டுக் கழுவிய குழாயாக இருந்தால், உறையவேண்டிய குருதியும் அதில் உறையாமற் போகக்கூடும். அவ்வாறாயின் நஞ்சேறாத ஒருவருக்கு நஞ்செதிர் மருந்து ஏற்றப்படும். அம்மருந்தோ இந்தியாவிற் குதிரைகளின் குருதியிலிருந்து ஆக்கப்படுவது. இலங்கையில் நடத்தப்பெற்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அம்மருந்து பெற்ற ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நோயாளரில் ஏறத்தாழ முக்காற் பங்கினருக்கு அதனால் எதிர்விளைவு தோன்றியது. அவற்றுட் பெரும்பாலானவை முதல் ஒரு மணித்தியாலத்திலேயே தோன்றின. அந்த மணித்தியாலத்தில் கட்டிலருகே நிற்பவர் யார்? வைத்தியர் வேறொரு விடுதிக்குச் சென்றிருப்பார். உடம்பில் தடிப்பு எழுவதையும் மூச்சு இழுப்பதையும் முதலிற் காண்பவர் தாதி. சில வேளை சிற்றூழியர்.

குழாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவியவர் மீது குற்றம் சுமத்துவதற்கு இடமுண்டா? கண்ணாடிப் பாத்திரம் பளிச்சென்று இருக்கவேண்டுமென்றே அவருக்குச் சொல்லப்பட்டது. அக்குழாய் எதற்குப் பயன்படுகின்றது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. புதிய குழாய்கள் முந்தாநாளே தீர்ந்துவிட்டன என்பது அவருக்குத் தெரியும். அதையும் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. தவறு அந்த இரண்டு மௌனங்களிலே இருக்கின்றது. மேலிடத்திலிருந்து எத்தனை சுற்றறிக்கைகள் வந்தாலும் இவை கலைவதில்லை.

இம்மௌனத்தைக் கலைத்த வைத்தியசாலை ஒன்று இந்நாட்டிலேயே உண்டு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில், பணிப்பாளராயிருந்த வைத்தியர் விமல் கரந்தகொடவின் தலைமையில், ஜப்பானியத் தொழிற்சாலைகளின் முறையொன்று கைக்கொள்ளப்பட்டது. ‘ஐந்து எஸ்’ என்று அதனைக் கூறுவர். வேண்டாதவற்றை நீக்குதல், வேண்டியவற்றை உரிய இடத்தில் வைத்தல், துப்புரவாக்குதல், அவற்றை ஒரே முறைமையாக்குதல், அம்முறைமையைப் பழக்கமாக்குதல் என்பன அதன் ஐந்து படிகள். படிகளைவிட அவற்றை ஏறியவர்களே கவனத்துக்குரியவர்கள். ஒவ்வொரு பிரிவிலும் தாதியரும் சிற்றூழியரும் சிறு குழுக்களாக அமைந்து, தத்தம் இடத்தின் குறையைத் தாமே கண்டு, தாமே தீர்வு சொன்னார்கள். 2007ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய ஒத்துழைப்பு முகவரகம் இவ்வைத்தியசாலையை முன்மாதிரியாகக் கொண்டு, 15 ஆபிரிக்க நாடுகளுக்கு அம்முறையை அறிமுகஞ் செய்தது. செல்வம் மிக்க நாடொன்றின் வைத்தியசாலையாக இல்லாமையே அதன் தகுதியாயிற்று.

இம்முறை பின்னர் நாட்டின் பிற வைத்தியசாலைகளுக்கும் பரவிற்று. பரவும்போது ஒன்று நேர்வதுண்டு. தரையில் மஞ்சட் கோடு கீறுவதும், அலுமாரியிற் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் எல்லாவற்றையும் துடைத்து வைப்பதுமே அம்முறையென்று சிலர் எண்ணிவிடுகின்றனர். கோடு கீறுவது இலகு. சிற்றூழியரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது அவ்வளவு இலகுவன்று.

செவிசாய்ப்பதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் அச்சம். பிழையைச் சொன்னால் விளக்கக் கடிதம் கேட்பார்கள் என்று தெரிந்தவர் பிழையைச் சொல்லமாட்டார். இதற்கு மாறான வழியொன்று இலங்கையின் தாய்மாரைக் காத்திருக்கின்றது. ஒரு தாய் மகப்பேற்றிலே இறந்தால், அந்த மரணம் தனியே ஆராயப்படும். வீட்டுக்குச் சென்று பார்த்துவந்த குடும்பநல மாதின் பதிவும் வைத்தியசாலையின் பதிவும் ஒரே மேசைக்கு வரும். எங்கே தாமதம் நேர்ந்தது என்பதே அங்கு முதற் கேள்வி. 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு ஈராயிரத்தையும் தாண்டியிருந்த தாய் மரணம், இந்த நூற்றாண்டிலே நாற்பதுக்கும் கீழே இறங்கியதற்கு மலேரியா ஒழிப்பு, கல்வி, வீதிகள் எனக் காரணங்கள் பலவுண்டு. இவ்வாராய்ச்சியும் அவற்றுள் ஒன்று.

வன்னியின் ஊழியர்கள் சொல்லக்கூடியவை ஏராளம். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம் 2009 மே வரை, போர் நெருங்க நெருங்க, கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இயங்கிய வைத்தியசாலைகள் இடம்பெயர்ந்து, ஈற்றில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் ஆகிய கரையோர ஊர்களில் தற்காலிக இடங்களில் இயங்கின. செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் கடல்வழியே அங்கிருந்து வெளியேற்றப்பட்ட காயப்பட்டோரும் நோயாளரும் துணைவந்தோரும் 13,000க்கு மேற்பட்டவர்கள். எதனை விட்டாலும் சமாளிக்கலாம், எதனை விட்டால் உயிர் போகும் என்பதை அந்நாட்களிற் பணிபுரிந்தவர்கள் கைகளால் அறிந்தவர்கள். அவ்வறிவு எந்தக் கையேட்டிலும் எழுதப்படாமலே அவர்களோடு ஓய்வு பெற்றுச் செல்கின்றது.

இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தென்னிலங்கையிலிருந்து வந்து பணிபுரியும் வைத்தியரும் தாதியரும் உளர். பாம்பு தீண்டியது எந்நேரம், வரும் வழியில் வாந்தி எடுத்தாரா என்று அவர்கள் கேட்பதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை அவர்களுக்கும் பெயர்த்துச் சொல்பவர் பல வேளைகளில் ஒரு சிற்றூழியரே. சிகிச்சை தொடங்குவது அவருடைய வாயிலிருந்து. ஆனால் தரம் பற்றிய கூட்டம் நண்பகலில் நடைபெறுமாயின், இரவு முறையில் நின்ற அவர் அந்நேரம் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். காலை ஏழு மணிக்கு முறை மாறும்போது, கட்டில் சீட்டுக்களை ஒப்படைக்கும் அதே இடத்தில், இரவு நின்றவர்கள் வீடு செல்லுமுன் பத்து நிமிடம் அவர்களை அமர்த்திக் கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை. கண்ணாடிக் குழாய்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும்.