பார்த்ததைச் சொல்லிக்கொடு!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். "என்னய்யா செய்றே?" என்று அம்மா கேட்கிறார். "படிக்கிறேம்மா" என்று பதில் வருகிறது. அவன் படிக்கிறானா, விளையாடுகிறானா, நண்பர்களோடு அரட்டை அடிக்கிறானா என்பது அம்மாவுக்குத் தெரியாது. சில நேரங்களில் அவனுக்கே தெரியாது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் குடும்பங்கள் பலவற்றில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. இணையம் பிள்ளைகளை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும். ஆனால், ஒரு மாணவன் அந்த இணையத்தை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்தான் என்று பார்த்தால் பெற்றோருக்குக் கூடுதல் பயன் கிடைக்கும்.

அந்த மாணவன் மங்கோலியாவைச் சேர்ந்தவன். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவே, கடற்கரையே இல்லாத நாடு அது. அதன் தலைநகரான உலான்பாத்தர், உலகிலேயே கடுங்குளிர் நிலவும் தலைநகரங்களுள் ஒன்று. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான் பத்துஷிக் மியாங்கன்பாயர். 2012ஆம் ஆண்டில் அவனுக்கு வயது 15.

ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்த வகுப்பு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடப் போவதாக 2001இலேயே அறிவித்திருந்தது. 2012 மார்ச் மாதத்தில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பற்றிய ஒரு முழுப் பாடத்தையே இணையத்தில் நடத்தத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டு மாணவர் படிக்கும் தரத்திலான பாடம் அது. பாடத்தை முன்னின்று நடத்திய பேராசிரியர் அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்தப் பாடம் நடத்தப்பட்ட முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். விரிவுரை ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓடவில்லை. சிறு சிறு காணொளிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பகுதியைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரும். விடை சரியா, தவறா என்று உடனே தெரிந்துவிடும். திரையிலேயே மின்சுற்றை வரைந்து, அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். புரியாததைச் சக மாணவர்களிடம் கேட்க ஒரு பகுதி. வாராவாரம் வீட்டுப்பாடம். இடையில் ஒரு தேர்வு, இறுதியில் ஒரு தேர்வு.

கட்டணம் எதுவும் இல்லை. உலகம் முழுவதிலும் இருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் பெயர் பதிந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் சுமார் 7,000 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவன் பத்துஷிக்.

இந்த எண்ணிக்கையைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாடம், ஒரே திரை, ஒரே பேராசிரியர், எல்லாருக்கும் இலவசம். இருந்தும் பெரும்பாலோர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்கள். ஆகவே, பிள்ளைக்குக் கணினி வாங்கிக் கொடுத்தோம், இணைய இணைப்பும் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

துணை நின்றவர்கள்

பத்துஷிக் அறிவுக்கூர்மை மிக்க பையன் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவன் தனியாக அறைக்குள் உட்கார்ந்து படித்தவன் அல்லன். அவன் பள்ளியின் முதல்வர், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அந்த இணையப் பாடத்தைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 13 முதல் 17 வயது வரையிலான சுமார் இருபது மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள்.

முதல்வரின் நண்பர் ஒருவர் அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அவர் மங்கோலியாவுக்கு வந்து, பத்து வாரம் தங்கி, அந்தப் பிள்ளைகளுக்கு ஆய்வகப் பயிற்சி கொடுத்தார். திரையில் பார்த்த மின்சுற்றைக் கையால் தொட்டுக் கட்டும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பாடம் கடல் கடந்து இணையத்தில் வந்தது. அதைக் கைக்குப் பழக்கிவிட ஒரு மனிதர் விமானம் ஏறி வரவேண்டியிருந்தது.

இவ்வளவும் மற்றவர்கள் செய்தவை. அந்தப் பையன் என்ன செய்தான்?

கடினமான பகுதிகளில் வகுப்புத் தோழர்கள் திணறியபோது, அவன் மங்கோலிய மொழியில் விளக்கக் காணொளிகளைத் தயாரித்து யூடியூபில் ஏற்றினான். பார்த்துக்கொண்டிருந்தவன் சொல்லிக்கொடுப்பவன் ஆனான். ஆங்கிலத்தில் கேட்டதைத் தாய்மொழியில் இன்னொருவருக்கு விளங்க வைப்பது எளிதன்று. தனக்கு எது புரிந்தது, எது புரிந்ததுபோல் தோன்றியது என்பது அப்போதுதான் வெளிப்படும்.

அதோடு அவன் நிற்கவில்லை. அவன் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கார்கள் நிலவறைக் கூடத்திலிருந்து ஏறி வெளியே வரும். அந்த வழியருகே பிள்ளைகள் விளையாடுவார்கள். கார் வருவதை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி ஒன்றைத் தன் தங்கைக்காகச் செய்தான். படித்த பாடம், வாசலில் விளையாடும் ஒரு சிறுமியின் பாதுகாப்புக்கு உதவியது. பின்னர் எம்.ஐ.டி. அவனுக்கு இடம் கொடுத்தது. 2013இல் அங்கே மாணவனாகச் சேர்ந்தான்.

நம் வீட்டுக்கு வருவோம்

மங்கோலியாவில் நடந்தது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வசதி எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர், இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மரத்தில் ஏறித் தங்கிய காணொளியை நாடே பார்த்தது. இல்லிருப்புக் கற்றல் நடந்த நாள்களில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் 'முயற்சி போதாது' என்று சொல்வது முறையாகாது. கருவியும் இணைப்பும் கிடைக்கச் செய்வது பெரியவர்களின் பொறுப்பு.

ஆனால், கருவி கிடைத்துவிட்ட வீடுகளில் கேள்வி வேறு. சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்னும் திட்டம், பெருந்தொற்றினால் ஏழு ஆண்டுகள் முன்னதாக, 2021ஆம் ஆண்டுக்கே கொண்டுவரப்பட்டது. மலேசியாவில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020 முதல் இயங்கி வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், கட்டுரை வேண்டுமென்றால் அரை நிமிடத்தில் கட்டுரை, கணக்கு வேண்டுமென்றால் விடை. விடை இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில், பிள்ளை விடையை வைத்திருக்கிறானா என்பதைப் பார்த்துப் பயனில்லை. அவன் அதை விளக்குவானா என்பதையே பார்க்க வேண்டும்.

இதற்குப் பெற்றோர் கணினி வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தளம், எந்தச் செயலி என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டாம். இரவு உணவின்போது, "இன்னிக்கு என்ன பார்த்தே? எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்று கேட்டால் போதும். தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உண்மையாகப் படித்த பிள்ளை ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டுவான். வெறுமனே பார்த்துவிட்டு வந்தவன் தடுமாறுவான். தடுமாறினால் திட்ட வேண்டாம். "நாளைக்கு மறுபடியும் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றால் போதும். ஆர்வமுள்ள பிள்ளை அந்த விளக்கத்தையே கைப்பேசியில் பதிவு செய்து தம்பி தங்கைக்கோ, வகுப்பு நண்பர்களின் புலனக் குழுவுக்கோ அனுப்பலாம். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற அண்ணன் அக்காமார்கள், அறிவியலையும் கணிதத்தையும் இளையவர்களுக்குத் தமிழில் விளக்கி வைத்தால் அது எத்தனை பேருக்கு உதவும்!

இணையத் தளங்கள் இன்று ஒன்று வரும், நாளை கைமாறும். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2012இல் தொடங்கிய எட்எக்ஸ் நிறுவனமே 2021இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. தளம் யார் கையில் இருந்தாலும், ஒன்றைக் கற்று இன்னொருவருக்கு விளங்க வைக்கும் திறன் பிள்ளையின் கையை விட்டுப் போகாது.

அடுத்த முறை அறைக் கதவைத் தட்டும் அம்மா, "என்னய்யா செய்றே?" என்று வெளியே நின்று கேட்க வேண்டாம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்கட்டும்.