நவரசத்தை யார் வாசித்தார்கள்?

  

ஈழத்துத் தமிழ் நாவலைப் பற்றிப் பேச வருகிறவர் 1885ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஆண்டில் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். அந்தக் கதையின் நாயகன் கொழும்பானும் இல்லை, கண்டியானும் இல்லை. எகிப்து நாட்டவன். அப்போது எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்ற ஒராபி பாஷா இந்தத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு வாழ்ந்துகொண்டிருந்தார். அவரும் சித்திலெவ்வையும் தோளோடு தோள் நின்று முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தார்கள். ஓர் அரபுத் தலைவரின் தோழர்தான் நமக்கு நாவல் எழுதித் தந்தவர். அதனால் தமிழ் எந்த விதத்திலாவது குறைந்து போயிற்றா?

இன்னும் பின்னால் போகலாம். காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1400களின் தொடக்கத்தில் நிறுத்திய கல் அது. ஒரு பக்கம் சீனம், ஒரு பக்கம் தமிழ், இன்னொரு பக்கம் அரபு எழுத்தில் பாரசீகம். அறுநூறு ஆண்டுகளாக ஒரே கல்லில் ஒன்றையொன்று உரசாமல் நிற்கின்றன.

இப்போது 2019க்கு வாருங்கள். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் மன்றாடிக்கொண்டிருந்தவர்களும் ஹோட்டல்களில் இருந்தவர்களும் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது, யாரும் தேடவும் வேண்டாம். ஆனால் அடுத்த சில வாரங்களில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவை எவை? முஸ்லிம் ஊரான காத்தான்குடி வீதியின் பேரீச்ச மரங்கள். பெயர்ப் பலகைகளில் இருந்த அரபு எழுத்துகள். பெண்களின் உடை. அந்தக் கொலைகாரக் கூட்டத்தின் தலைவனைப் பற்றிப் பொலிஸில் முன்கூட்டியே முறையிட்டவர்களே காத்தான்குடி முஸ்லிம்கள்தான். அந்த முறைப்பாட்டைக் கவனிக்காத அரசு, மரத்தையும் பலகையையும் கவனித்தது.

அரசை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிவிட முடியாது. அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2018 ஏப்ரலில், திருகோணமலை சண்முகா இந்து மகளிர் கல்லூரியின் வாசலில் கூடி நின்றவர்கள் தமிழர்கள். அங்கே படிப்பித்த முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது, சேலைதான் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அபாயா அரபு நாட்டு உடை, நம் மண்ணுக்கு அந்நியம் என்று அன்று உரத்த குரலில் சொன்னார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு பின்னர் ஆசிரியைகளின் பக்கமே நியாயம் இருப்பதாகக் கண்டது. நான் கேட்கிறேன்: நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் கழுத்துப்பட்டி எந்த ஊர்? சட்டத்தரணியின் கறுப்பு அங்கி எந்த ஊர்? ஐரோப்பாவிலிருந்து வந்தால் அது நாகரிகம், அரேபியாவிலிருந்து வந்தால் அது ஊடுருவல் என்று நமக்கு யார் சொல்லித் தந்தது?

இது ஓர் இலக்கிய அவை. ஆகவே ஒரு கவிஞரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதி தாருங்கள். மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர், புத்தளத்தில் ஆசிரியர், அஹ்னாப் ஜஸீம். 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தீவிரவாதத்தைப் போதிக்கும் புத்தகம் எழுதினார், மாணவர்களுக்கும் அதையே ஊட்டினார் என்பது குற்றச்சாட்டு. புத்தகமோ தமிழில் இருந்தது. அதை வைத்து முடிவெடுத்தவர்களுக்குத் தமிழ் வராது. மொழிபெயர்ப்பில் துண்டு துண்டாகப் பார்த்தார்கள். வன்முறையைக் கண்டித்து எழுதிய கவிதையும் வன்முறைக் கவிதையாயிற்று. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் சிறையில் கழித்த பிறகு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

தோழர்களே, அந்த மெல்லிய புத்தகத்தை வாசிக்க ஒரு மாலைப் பொழுது போதும். வாசித்து, இதில் குற்றம் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தகுதி இந்த நாட்டில் யாருக்கு இருந்தது? தமிழ் தெரிந்த நமக்கு. நம்மில் சிலர் வாசித்தார்கள், எழுதினார்கள். அவர்களை வணங்குகிறேன். மற்றவர்கள் ஏன் பேசாமல் இருந்தோம்? அஹ்னாப் ஜஸீம் என்ற பெயரைக் கேட்டதும், 'ஏதாவது இருக்கும், இல்லாவிட்டால் பிடிப்பார்களா' என்ற எண்ணம் மனதுக்குள் ஓடியதே, அதனால்தான். 1979இல் வந்த அதே சட்டத்தில் நம் பிள்ளைகள் பூசா தடுப்பு முகாமுக்குப் போனபோது தெற்கிலே சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததுமே பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் நாம். பெயரை வைத்து ஒருவனைச் சந்தேகிப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

நாம் பேசாமல் இராத நேரமும் உண்டு. ஜனாஸாக்களை, இறந்த முஸ்லிம்களின் உடல்களை, எரித்த காலம் உங்கள் நினைவில் இருக்கும். கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பிறந்து இருபதே நாளான சிசுவையும் பெற்றோரின் மன்றாட்டத்தை மீறி எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை உரிமைகள் கோரி நடந்தோமே, அந்த நடையின் கோரிக்கைகளில் இந்த எரிப்பை நிறுத்துவதும் ஒன்று. முஸ்லிம் ஊர்களில் வீதியோரம் நின்று நமக்குத் தண்ணீர் தந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அரசு பணிந்தது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் விட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. சேர்ந்து கேட்டால் கிடைக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முஸ்லிம் மக்கள் தங்களைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்று சிலருக்கு வருத்தம். அது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அதைப் பொறுத்ததல்ல.

அந்தக் கடமை இந்த ஊரிலேயே பாக்கி இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து, உடுத்த துணியோடும் கையில் சொற்பக் காசோடும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். காட்டிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகத்தை ஒரு சமூகத்தின் தலையில் அப்படியே சுமத்தினார்கள். 2019இல் தெற்கு செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. கண் முன்னே அவர்கள் போனார்கள். துப்பாக்கிக்குப் பயந்து பேசாமல் இருந்தோம், அது உண்மை. துப்பாக்கி ஓய்ந்த பிறகும் பேசாமல் இருப்பதற்கு எதைக் காரணம் சொல்வது?

திரும்பி வந்த குடும்பங்களில் பல இன்னும் காணிக்கும் வீட்டுக்கும் அலுவலகப் படி ஏறி இறங்குகின்றன. ஆகவே அவைத் தலைவர் அவர்களிடம் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரும் ஒன்று. மீளத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் காணி, வீட்டுக் கோரிக்கைகளை மாவட்டச் செயலகத்தில் அவர்களோடு சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்க, இந்த அவையிலிருந்து ஐந்து பேரை நியமிக்கும் மற்றொன்று. இன்றே, இந்தக் கூட்டம் கலையும் முன்பே வாக்கெடுப்புக்கு விடுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.